வரப்பும் கையும்: விவசாயத் தொழில்நுட்பம் பரவிய வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

மல்லாட்டை என்கிற சொல்லிலிருந்து தொடங்கலாம். பாடப்புத்தகம் நிலக்கடலை என்று சொல்வதை எங்கள் பக்கத்தில், அதாவது திண்டிவனம், விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்தில், மல்லாட்டை என்றுதான் சொல்லுவோம். மணிலாக்கொட்டை என்பது நாக்கில் தேய்ந்து தேய்ந்து மல்லாட்டை ஆயிற்று. தென்னமெரிக்காவில் பிறந்த ஒரு பயிர், பிலிப்பைன்ஸ் நாட்டு நகரத்தின் பெயரைச் சுமந்துகொண்டு தென்னார்க்காட்டு மண்ணில் வேர் பிடித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது புதுச்சேரித் துறைமுகம் வழியாக மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பலேறத் தொடங்கியது. எந்த மண்ணுக்கு ஆகும், எப்போது விதைப்பது, எந்தப் பதத்தில் பிடுங்குவது, எவ்வளவு காய வைப்பது என்றெல்லாம் சொல்லிக்கொடுக்க அந்தத் தொடக்க காலத்தில் வேளாண்மைத் துறை என்று ஒன்று இங்கே கிடையாது. வியாபாரி விலை சொன்னான். மற்றதையெல்லாம் ஊர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது.

பிறகு துறை வந்தது, ஆராய்ச்சி நிலையம் வந்தது. திண்டிவனத்து எண்ணெய்வித்து நிலையத்தின் ரகங்களுக்கெல்லாம் டி.எம்.வி. என்று பெயர், திண்டிவனத்தின் சுருக்கம். 1940-ல் வெளிவந்த டி.எம்.வி. 2 என்கிற நிலக்கடலை ரகம் தமிழ்நாட்டைத் தாண்டி ஆந்திரம், கர்நாடகம் என்று பல பத்தாண்டுகள் கோலோச்சியது. இந்த ரகம் எங்கிருந்து வந்தது? குடியாத்தம் பக்கத்தில் ஏற்கெனவே விளைந்துகொண்டிருந்த கொத்து ரகத்திலிருந்து பொறுக்கி எடுக்கப்பட்டது. விஞ்ஞானிகளின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் பொறுக்குவதற்கு முன்னால் குடியாத்தத்தில் யாரோ பொறுக்கியிருக்கிறார்கள். நல்ல காயை ஒதுக்கி வைத்து, அடுத்த பட்டத்துக்கு விதைத்து, கேட்டவர்களுக்குக் கொடுத்து, ஒரு ரகத்தை ரகமாகக் காப்பாற்றி வைத்திருந்திருக்கிறார்கள். நிலையத்தின் பெயர் ரகத்தோடு ஒட்டிக்கொண்டது. அந்த யாரோவுக்குப் பெயர் இல்லை.

ஆகவே, விவசாயி விவசாயியிடமிருந்துதான் கற்கிறான் என்று நம் இயக்க நண்பர்கள் சொல்லும்போது அதை மறுக்க எனக்கு ஒன்றுமில்லை. எனக்கு இருக்கிற சந்தேகம் வேறு. அந்த வாக்கியத்தில் இரண்டு முறை வருகிற 'விவசாயி' என்பவர் யார்?

2

ஓமந்தூர், திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகிற பக்கத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டு அரசியல் வரலாற்றில் இந்த ஊரின் பெயர் ஒரு மனிதரால் நிலைத்தது. ஓ.பி. ராமசாமி ரெட்டியார் 1947 மார்ச்சிலிருந்து 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தின் பிரதமர். முதலமைச்சரை அப்போது அப்படித்தான் அழைத்தார்கள். விவசாயக் குடும்பத்திலிருந்து அந்த நாற்காலிக்குப் போனவர் என்று இன்றும் பெருமையாகச் சொல்லப்படுகிறவர். அவர் காலத்தில்தான் 1947-ல் ஆலய நுழைவுச் சட்டமும் தேவதாசி ஒழிப்புச் சட்டமும் வந்தன. 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. இவையெல்லாம் சாதாரணக் காரியங்கள் அல்ல. ஆனால் ஜமீன் ஒழிப்பு ஒழித்தது ஜமீனைத்தான். அதன் முழுப்பெயரே எஸ்டேட்டுகளை ஒழித்து அவற்றை ரயத்துவாரியாக மாற்றுவது என்றுதான் போகிறது. தென்னார்க்காட்டின் பெரும்பகுதி அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே ரயத்துவாரி. இங்கே அரசின் கண்ணுக்கு விவசாயி என்பவர் பட்டாதாரர். பட்டாவில் பெயர் இருந்தால் விவசாயி, இல்லையென்றால் ஆள்.

அரசின் மொழி மட்டும் இப்படி என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் பக்கத்தில் குடியானவர் என்கிற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். அகராதியைப் பார்த்தால் பயிர்செய்கிறவர். ஊரில் கேட்டால், காலனிக்கு வெளியே இருக்கிற சாதிக்காரர். "அவங்க குடியானவங்க, நாங்க காலனி" என்று என் ஆயா சொல்லுவாள். ஐம்பது வருஷத்துக்கு மேல் சேற்றில் நின்றவள் அவள். ஆனாலும் தன்னைக் குடியானவள் என்று அவள் ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை, சொல்லிக்கொள்ளவும் முடியாது. தொழிலின் பெயர் சாதியின் பெயராகி, அந்தத் தொழிலைச் செய்கிற பாதிப் பேரை வெளியே தள்ளிவிட்ட விநோதம் இது. மொழிக்குள் நடந்த இந்த நில அபகரிப்பைப் பற்றி நம் ஆய்வாளர்கள் போதுமான அளவு பேசியதில்லை.

இதற்கு ஓர் எழுத்துப்பூர்வமான சாட்சியும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தன் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பித் தகவல் திரட்டி 1918-ல் ஒரு தொகுப்பை வெளியிட்டார். அதில் வருகிற கிராமங்களில் ஒன்று இன்றைய விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டு. 1916-ல் திரட்டப்பட்ட அந்தத் தகவலில் பண்ணைக்காரர்கள் ஒருபுறம், கல்யாணக் கடனுக்குத் தன்னையே ஈடாக வைத்துக் கட்டுண்டு கிடந்த படியாட்கள் மறுபுறம். அந்தக் கிராமத்தில் ஒரு புதிய ஏரோ புதிய விதையோ வந்தது என்று வைத்துக்கொள்வோம். பண்ணைக்காரர் இன்னொரு பண்ணைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார் என்று வரலாறு எழுதலாம். ஆனால் அந்த ஏரைப் பிடித்தது யார் கை? ஸ்லேட்டருக்குப் பின் 1930களிலும் 1980களிலும் 2008-லும் இருவேல்பட்டுக்கு ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போயிருக்கிறார்கள். பெருநிலக்காரரின் பிடி தளர்ந்ததையும், கீழே இருந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பிடியிலிருந்து விடுபட்டதையும் பதிவு செய்திருக்கிறார்கள். நிலம் கைமாறிய கதை இப்படி எழுதப்பட்டாயிற்று. அறிவு கைமாறிய கதை இன்னும் எழுதப்படவில்லை.

3

இந்த மண்ணில் நவீன வேளாண் கல்வியின் கதை 1860களில் சைதாப்பேட்டைப் பரிசோதனைப் பண்ணையில் தொடங்குகிறது. பிறகு 1906-ல் கோயம்புத்தூருக்கு நகர்கிறது. இங்குள்ள உழவனுக்கு ஒன்றும் தெரியாது, நாம் கற்றுக்கொடுப்போம் என்பதுதான் அதன் அடிப்படை மனோபாவம். வெள்ளைக்காரர்களிலேயே சிலர் இதை ஒத்துக்கொள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1889-ல் இந்தியாவுக்கு வந்த வேல்கர் என்கிற வேளாண் வேதியியலாளர், 1893-ல் வெளியான தன் அறிக்கையில், இந்திய ரயத்து சராசரி ஆங்கில உழவனுக்குச் சளைத்தவனல்ல, சில விஷயங்களில் மேலானவன் என்று எழுதினார். 1905-ல் பூசாவுக்கு வந்த ஆல்பர்ட் ஹோவர்ட், பூச்சிகளையும் குடியானவர்களையும் தன் ஆசிரியர்கள் என்றார். அவர்கள் எழுதினார்கள்; துறை தன் வழியில் போயிற்று.

சுதந்திரத்துக்குப் பிறகு 1952-ல் சமுதாய வளர்ச்சித் திட்டம், 1953-ல் தேசிய விரிவாக்கப் பணி. கிராம சேவக் சைக்கிளில் வந்தார். 1970களின் நடுவில் உலக வங்கியின் ஆதரவோடு 'பயிற்சியும் பார்வையிடலும்' என்கிற முறை வடக்கே தொடங்கிப் பிறகு இங்கும் வந்தது. அதிகாரி ஊரில் 'தொடர்பு விவசாயி' என்று சிலரைத் தேர்ந்தெடுப்பார். அவர்களுக்குச் சொன்னால் அவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லுவார்கள். விவசாயி விவசாயியிடம் கற்பதை அரசே ஒத்துக்கொண்ட மாதிரிதான். இதற்குப் பின்னால் ஒரு சமூகவியலும் இருக்கிறது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒட்டுச்சோளம் பரவியதை ஆராய்ந்த ரயன், கிராஸ் என்கிற இருவரும் 1943-ல் ஒன்றைக் கண்டுசொன்னார்கள்: புது விதையைப் பற்றிச் செய்தி கொண்டுவந்தவன் விற்பனையாள், நம்பவைத்தவன் பக்கத்து வயல்காரன். 1962-ல் எவரெட் ரோஜர்ஸ் இதை ஒரு கோட்பாடாகவே விரித்தார். முன்னோடிகள், சீக்கிரம் ஏற்பவர்கள், தாமதமாக ஏற்பவர்கள், கடைசியில் பின்தங்கியவர்கள் என்று ஒரு வரிசை. நம் வேளாண் கல்லூரிகளில் இன்றும் மாணவர்கள் இதை மனப்பாடம் செய்கிறார்கள்.

அயோவாவில் பக்கத்து வயல்காரன் பக்கத்து வயல்காரன்தான். இங்கே அப்படியில்லை. வரப்பு நிலத்தைப் பிரிக்கிற கோடு மட்டும் இல்லை. யார் யார் வரப்பில் நின்று யாரிடம் என்ன கேட்கலாம் என்பதற்கு ஓர் இலக்கணம் இருக்கிறது. தொடர்பு விவசாயியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் பெரும்பாலும் கிணறும் மோட்டாரும் திண்ணையும் உடையவர். அந்தத் திண்ணையில் போய் உட்கார்ந்து, "இன்னா உரம் போட்டீங்க?" என்று காலனியைச் சேர்ந்த கால் காணிக்காரர் கேட்டுவிட முடியுமா? கேட்க முடியாதவரைத்தான் கோட்பாடு 'பின்தங்கியவர்' என்கிறது.

பாவ்லோ ஃப்ரெய்ரே சிலி நாட்டில் அகதியாக இருந்தபோது 1969-ல் 'விரிவாக்கமா, தொடர்பாடலா' என்று கேட்டு ஒரு சிறுநூல் எழுதினார். விரிவாக்கம் என்கிற சொல்லையே பிடித்துக் குடைந்தார். நிறைந்தவன் காலியானவனுக்கு நீட்டுகிறான் என்பதுதான் அந்தச் சொல்லின் உள்ளுறை. அது உழவனைப் பொருளாக்கிவிடுகிறது என்றார். நாம் அந்தச் சொல்லை அப்படியே மொழிபெயர்த்து அலுவலகப் பலகையில் எழுதி மாட்டிவைத்திருக்கிறோம்.

4

இதற்கு மாற்றாக எழுந்த இயக்கங்களை நம் வாசகர்கள் அறிவார்கள். 1970களில் குவாத்தமாலாவின் சிமால்தெனாங்கோ பகுதியில் மாயா உழவர்கள் மண் அரிப்பைத் தடுக்கிற முறைகளை ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்தார்கள். அது மெக்சிகோவுக்கும் நிகராகுவாவுக்கும் கியூபாவுக்கும் 'உழவரிடமிருந்து உழவருக்கு' என்கிற இயக்கமாகப் போயிற்று. இந்தோனேசியாவில் புகையான் பூச்சி நெல்லை அழித்தபோது அரசு 1986-ல் 57 பூச்சிமருந்துகளை நெல்லுக்குத் தடைசெய்தது. அடுத்த சில ஆண்டுகளில் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. நம்மிடத்தில் நம்மாழ்வார் 1969-ல் கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணை வேலையை விட்டு வெளியேறினார். 2013 டிசம்பரில் இறக்கிறவரை ஊர் ஊராக நடந்து உழவர்களை உழவர்களோடு பேசவைத்தார். அவருக்கு நாம் பட்டிருக்கிற கடன் பெரிது. அதனால்தான் இந்தக் கேள்வியை அந்த முகாமுக்குள்ளிருந்தே கேட்க வேண்டியிருக்கிறது.

ஒற்றை நாற்று நடவை எடுத்துக்கொள்வோம். மடகாஸ்கரில் வாழ்ந்த பிரெஞ்சுப் பாதிரியார் ஆன்றி தெ லொலானியே 1980களில் வடிவமைத்த முறை என்று இது அறியப்படுகிறது. ஆனால் நாற்றை ஒவ்வொன்றாக நடுவதையும் வயலில் எப்போதும் நீர் நிறுத்தாமல் இருப்பதையும் அவர் அங்கிருந்த சில உழவர்களிடம்தான் பார்த்தார். பதினைந்து நாள் நாற்றை நட்டது மட்டும் 1983-ல் தற்செயலாக நடந்தது. 2000 வாக்கில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் இதைப் பரிசோதிக்கத் தொடங்கியது. 2003-04-ல் காவிரி, தாமிரபரணிப் படுகைகளில் நூறு நூறு விவசாயிகளின் வயல்களில் நட்டுப் பார்த்தார்கள். 2007-ல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய நீர்வள நிலவளத் திட்டம் இதை இன்னும் பரப்பியது. செம்மை நெல் சாகுபடி என்று தமிழில் பெயர் வைத்தார்கள். 2010-ல் தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டையொட்டி அரசு இதற்கு 'ராஜராஜன் 1000' என்று பெயர் சூட்டியது. மடகாஸ்கர் உழவரின் கை கண்ட வித்தை சோழச் சக்கரவர்த்தியின் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. குடியாத்தத்து யாரோவுக்கு நடந்ததுதான் இங்கேயும் நடந்தது.

5

நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது இந்த நடவு எங்கள் பக்கம் வந்தது. ஓமந்தூருக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு காலனி எங்களுடையது. என் ஆயா பதினைந்து இருபது பெண்களைக் கூட்டிக்கொண்டு நடவுக்குப் போகிறவள். ஒருநாள் ஒரு ரெட்டியார் வயலில் அதிகாரி வந்து வரப்பில் நின்று ரெட்டியாருக்கு விளக்கினார். ரெட்டியார் அதை ஆயாவுக்குச் சொன்னார். ஆயா சேற்றில் இறங்கினாள்.

அவள் அன்றைக்குக் கற்றது என்ன என்று யோசித்துப் பார்க்க வேண்டும். அதுவரை இருபத்தைந்து முப்பது நாள் நாற்றை மூன்று நாலாகச் சேர்த்துக் கட்டைவிரலால் அழுத்திக் குத்திய கை அது. இப்போது பதினாலு நாள் நாற்று, புல் மாதிரி. ஒவ்வொன்றாக, வேரில் ஒட்டிய மண் உதிராமல் எடுத்து, இருபத்தைந்து சென்டிமீட்டர் சதுரத்துக்கு ஒன்றாக, வேர் மேல்நோக்கி மடங்காதபடி மேலாக வைக்க வேண்டும். ஆழமாகக் குத்தினால் கெட்டது. இதை எந்தத் துண்டறிக்கையும் கைக்குக் கற்றுத்தராது. "மொத ரெண்டு மொளை நட்டுட்டுத் திரும்பிப் பாத்தா கோணல் மாணலா கெடக்குது. அப்பறம் கையே புரிஞ்சிக்கிச்சு" என்றாள். பக்கத்தில் நின்றவள் அவளைப் பார்த்தாள், அதற்கும் பக்கத்தில் நின்றவள் இவளைப் பார்த்தாள். ஒரு வாரத்துக்குள் அதே பெண்கள் வேறு ஊரில் வேறு வயலில் நட்டார்கள். அந்த வயல்காரர் வரப்பில் நின்று ஆயாவிடம் கேட்டிருக்கிறார்: "அங்க எப்பிடி நட்டீங்கோ? எம்மாம் இடைவெளி உட்டீங்கோ?" ஆயா சொன்னாள். அவர் அதன்படி செய்தார். பிற்பாடு ஒரு கூட்டத்தில் அவர், "அந்த ஊரு ரெட்டியார் வயலப் பாத்துக் கத்துக்கிட்டேன்" என்று பேசினார். பொய் சொல்லவில்லை, அவர் அப்படித்தான் நம்பினார். வயலைத்தான் பார்த்தார், கையைப் பார்க்கவில்லை.

ஒரு வயல்காரருக்கு ஒரு பருவத்தில் ஒன்றிரண்டு வயல் தெரியும். நடவுக்குப் போகிற பெண்ணுக்கு நாற்பது வயல் தெரியும். எந்த மண்ணில் சேறு எப்படி இறுகும், எந்த மூலையில் நீர் வடியாது, எவர் நாற்றங்கால் தேறியது என்பதெல்லாம் அவள் காலுக்குத் தெரியும். வரப்பைத் தாண்ட அனுமதிக்கப்பட்டவள், தாண்டியே ஆக வேண்டியவள் அவள்தான். ஆகவே தொழில்நுட்பம் விவசாயியிலிருந்து விவசாயிக்குப் போவதாக நாம் வரைகிற கோடு உண்மையில் அவள் வழியாக வளைந்துதான் போகிறது.

மல்லாட்டைக்கும் இப்படித்தான். காய் ஆயப்போனால் கூலி காயாகவே கிடைத்த காலம் ஒன்று இருந்தது. "கூலியா வந்த காயில நல்லதாப் பாத்து ஒரு கலயத்துல போட்டு வெப்போம், ஒரு துண்டு நெலம் குத்தகைக்குக் கெடச்சா விதைக்கலாம்னு" என்றாள் ஆயா. புது ரகம் காலனிக்குள் வந்தது கூலிக்கூடையில்தான்.

6

இந்தப் பெண்கள் நம் ஆவணங்களில் வராமல் இல்லை. வருகிறார்கள், 'தடை'யாக. செம்மை நெல் பரவாததற்குக் காரணங்கள் என்று ஒரு பட்டியல் எழுதினால் அதில் தவறாமல் இடம்பெறுவது 'பயிற்சி பெற்ற நடவு ஆட்கள் கிடைக்காமை'. நடவு ஆட்கள் முதலில் முரண்டு பிடித்தது நிஜம். ஆனால் அந்த முரண்டுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி நடுகிறவர்களுக்கு, மெதுவாக நட்டால் அன்றைய கூலி பாதி. கற்றுக்கொள்கிற நாட்களின் நஷ்டத்தை யார் தருவது? விதை மிச்சம் வயல்காரருக்கு, தண்ணீர் மிச்சம் வயல்காரருக்கு, மகசூல் கூடினால் அதுவும் வயல்காரருக்கு. பழகுகிற காலத்தின் செலவு மட்டும் நடுகிறவளுக்கு. அதோடு கோனோவீடர் வந்தது. பெண்கள் குனிந்து கையால் களையெடுத்த நாட்கள் போய், ஓர் ஆண் நின்றுகொண்டு உருட்டுகிற வேலையாக அது மாறியது. முதுகுவலி போயிற்று என்று மகிழலாம். கூடவே பத்து நாள் கூலியும் போயிற்று. இதை 'புதுமையை ஏற்பதில் தயக்கம்' என்று எழுதுகிறவர்கள் ஒரு பருவம் கூலிக்குப் போய்ப் பார்க்கலாம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தப் பெண்கள் கற்றதை அப்படியே ஒப்பிக்கவில்லை. நீர் தேங்குகிற மூலையில் ஒன்றுக்குப் பதில் இரண்டாக நட்டார்கள். ஏரித்தண்ணீர் தாமதமானால் இருபது நாள் நாற்றையும் நட்டார்கள். கயிற்றை விட்டுவிட்டுக் கண் அளவில் நட்டார்கள். துறை இதைப் 'பகுதி ஏற்பு' என்று குறைத்துச் சொல்லும். எனக்கு அது ஓர் இலக்கணத்தை ஊர்வழக்கு தனதாக்கிக்கொள்வது போலத்தான் தெரிகிறது. மணிலாக்கொட்டை மல்லாட்டை ஆனதும் பகுதி ஏற்புதானே? இன்றைக்கு வயலில் எஞ்சியிருப்பது ராஜராஜன் 1000 அல்ல, இந்த நடவுதான். அதுவும் எவ்வளவு நாளைக்கு என்று தெரியாது. நடவு இயந்திரம் வந்துவிட்டது. அதற்கும் அதே இளநாற்றுத்தான், அதே பாய் நாற்றங்கால்தான். கை மட்டும் தேவையில்லை.

விவசாயி விவசாயியிடம் கற்கட்டும் என்று கூட்டம் போடுகிற நண்பர்களிடம் நான் கேட்பது மிகச் சாதாரணமான சில காரியங்கள். அழைப்பிதழ் பட்டாதாரர்களுக்கு மட்டும் போக வேண்டாம். நடுகிறவர்கள் வந்தால் அன்றைய கூலியைக் கொடுங்கள், அவர்கள் அங்கே கற்றுக்கொடுக்க வருகிறார்கள். புது முறை பழகுகிற நாட்களின் நஷ்டத்தைத் திட்டச் செலவில் எழுதுங்கள். நம் பத்திரிகைகளில் உழவர் அனுபவம் என்று போடும்போது, "உங்கள் வயலில் நட்டது யார்?" என்று ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இதுகூட முடியாது என்றால் நம் மாற்று வேளாண்மை, பட்டாதாரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற மாற்றாக மட்டுமே இருக்கும்.

இதை எழுதுவதற்கு முன் ஆயாவிடம் கேட்டேன்: "ஏன் ஆயா, அந்த ஒத்த நாத்து நடவ உனக்கு யாரு கத்துக் குடுத்தது?"

"யாரும் குடுக்கல கண்ணு. நான்தான் அவங்களுக்குக் குடுத்தேன்" என்றாள். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "கேட்டாத்தானே சொல்ல முடியும்?" என்றாள்.